‘பரிசோதித்துச் சரி’ என்று எழுதித் தந்த, பாடாத சீடி பிளேயர் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வவுனியா சேவை நிலையத்தில் திருத்தக் கொடுத்த என் சீடி பிளேயரைப் பற்றிப் போனில் கதைத்துக் கதைத்து வாய் அலுத்துவிட்டது. வவுனியாவைக் கேட்டால் கொழும்பைக் கேளுங்கள் என்கிறார்கள். கொழும்பைக் கேட்டால் கொடுத்த இடத்தில் போய்க் கேளுங்கள் என்கிறார்கள். அதனால்தான் பதிவுத் தபாலில் இதை அனுப்புகிறேன். வேலைச்சீட்டின் பிரதி, 18,500 ரூபா கட்டிய பற்றுச்சீட்டின் பிரதி, படங்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. மொடல் இலக்கம் வேலைச்சீட்டில் உள்ளது. அதற்குள் சீடியை லேசரால் படிக்கிற பிக்கப் என்ன, மோட்டர் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் பெட்டி, உங்களுக்குத் தெரியாததா?

நான் சங்கீத ஆசிரியர். வீட்டு விறாந்தையில் வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுக்கிறேன். என் பிள்ளைகள் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறவர்கள். மல்லாவியில் இருந்துகொண்டு கச்சேரி கேட்கப் போவதென்றால் யாழ்ப்பாணம் போக வேண்டும், அதுவும் திருவிழாக் காலத்தில். மற்ற நாளெல்லாம் என் சீடிகள்தான் அவர்களுக்குக் கச்சேரி.

பழுது என்னவென்று முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். எந்தச் சீடியைப் போட்டாலும் ஐம்பது நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு துள்ளும், சில வேளை ஒரே இடத்தில் நின்று இழுக்கும். கச்சேரிச் சீடியில் வர்ணமும் சின்னக் கீர்த்தனைகளும் முன்னுக்கு வரும், பல்லவியும் மிருதங்கத் தனியாவர்த்தனமும் பின்னுக்குத்தான் வரும். ஆகவே பிள்ளைகள் எதைக் கேட்க வேண்டுமோ அதுதான் எங்களுக்குக் கேட்காமல் போனது. சீடியில் கீறல் இருந்தால் அந்த ஒரு சீடி மட்டும் துள்ள வேண்டும். எல்லாச் சீடியும் அதே தூரத்தில் துள்ளினால் பிழை பெட்டிக்குள் இருக்கிறது. சீடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் படிக்கப்படுவது. வெளியே போகப் போகத்தான் சிக்குகிறது என்றால் பிக்கப் ஓடுகிற தண்டவாளத்தையும் அதன் பற்சக்கரத்தையும் முதலில் பார்க்க வேண்டாமா? லேசர் பழுதென்றால் உள்வட்டத்தில் இருக்கிற பாட்டு அட்டவணையைப் படிக்கவே பெரும்பாலும் திணறியிருக்கும். இதையெல்லாம் நான் சொல்ல, கவுண்டரில் இருந்த தம்பி வேலைச்சீட்டில் எழுதினது ‘துள்ளுது’ என்ற ஒரு சொல் மட்டும்.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். பெயர் சொல்லவில்லை, கேட்டதற்கும் தரவில்லை. வேலைச்சீட்டில் உள்ள கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைத் தட்டிக்கொண்டு, நிமிர்ந்தும் பார்க்காமல், “ஐயா, இந்தக் காலத்தில ஆர் சீடி கேக்கினம்? போனில யூரியூப்பில போட்டுக் கேளுங்கோவன்” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்லாமல் நின்றேன். பிறகு, “உங்கட பக்கம் ஒரே புழுதி தானே, அங்க வச்சா எந்தச் சாமானும் பழுதாப் போகும்” என்றார். வன்னியில் புழுதி இருப்பது உண்மை. அது உங்கள் விற்பனை முகவருக்கும் தெரியும், தெரிந்துதான் இங்கே கொண்டுவந்து விற்றார். விற்கும்போது இல்லாத புழுதி திருத்தும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

கரகரப்ரியா ராகத்தின் காந்தார சுரம் எவ்வளவு அசைய வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டப் போன் ஸ்பீக்கர் காணாது ஐயா. மிருதங்கத்தின் தொப்பி, அந்த இடப்பக்கத்து நாதம், அதில் கேட்கவே கேட்காது. தம்புராவின் நாதம் தகரத்தில் தட்டினது போல வரும். அந்தத் தம்பிக்கு இது விளங்காமல் இருக்கலாம். உங்கள் நிறுவனத்துக்கு விளங்க வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் இந்தப் பெட்டியை எனக்கு விற்றீர்கள்.

பிறகு போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள், கதை. முதல் நாள் பின்னேரம் உங்கள் நிலையத்திலிருந்து அழைத்து, “பெட்டி ரெடி, நாளைக்கு வாங்கோ” என்றார்கள். விடிய எழும்பி மாங்குளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏ9 வீதியால் இன்னொரு பஸ், அதில் இருக்க இடமும் இல்லை. போய்ச் சேர்ந்தால் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. காவலாளி, “இண்டைக்குப் போயா ஐயா, தெரியாதோ?” என்று கேட்டார். போயா விடுமுறை என்பது எனக்கும் தெரியும். உங்கள் ஆள் அழைத்தபடியால் திறந்து வைத்திருப்பீர்கள் என்று நம்பி வந்தேன். அன்று மூன்று பிள்ளைகளுக்கு வகுப்பு, எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு வந்தவன் நான். அடுத்த நாள் போன் எடுத்துக் கேட்டால் அப்படி யாருமே அழைக்கவில்லையாம்! அழைப்பு வந்த இலக்கமும் நேரமும் என் போனில் இன்னும் இருக்கின்றன. அதன் படத்தையும் வைத்திருக்கிறேன்.

கடைசியில் பெட்டியைத் தந்த அன்று, “ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ தம்பி” என்று கேட்டேன். “இங்க ஸ்பீக்கர் இல்லை, வீட்டை போய்ப் போட்டுப் பாருங்கோ” என்றார். பற்றுச்சீட்டில் ‘புதிய லேசர் பிக்கப் மாற்றப்பட்டது, பரிசோதித்துச் சரி’ என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தது. படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்தபடி வீடு வந்தேன். போட்டேன். திரையில் ‘நோ டிஸ்க்’, உள்ளே சீடியே இல்லையாம். எந்தச் சீடிக்கும் ‘நோ டிஸ்க்’. கொடுக்கும்போது ஐம்பது நிமிடமாவது பாடின பெட்டி, காசு கட்டித் திருத்தி எடுத்த பிறகு ஒரு நிமிடமும் பாடவில்லை.

உங்கள் இலக்கத்துக்கு எடுத்தேன், எடுத்தேன், பாட்டுத்தான் ஓடியது. வேறு வழியில்லாமல் கிளிநொச்சியில் றேடியோ திருத்துகிற அண்ணர் ஒருவரிடம் கொண்டு போனேன். மூடியை மட்டும் கழற்றிப் போட்டுக் காட்டினார். லென்ஸ் மேலும் கீழும் எழும்பி எழும்பித் தேடியது, சீடி சுற்றவே இல்லை. கண்ணாடியை வைத்துப் பிக்கப்பின் சின்ன மின்சுற்றுப் பலகையைப் பார்த்துவிட்டு, “இஞ்ச பாருங்கோ மாஸ்டர்” என்று என்னையும் பார்க்க வைத்தார். அதில் இரண்டு இணைப்புப் புள்ளியையும் சேர்த்து ஒரு பொட்டு ஈயம். புதுப் பிக்கப்பின் லேசர் டயோட் நிலைமின்னில் எரிந்து போகாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே அப்படி ஒட்டி அனுப்புவார்களாம், பூட்டி முடிந்ததும் அதை உருக்கி எடுக்க வேண்டுமாம். எடுக்காவிட்டால் லேசர் ஒளிராது, லேசர் ஒளிராவிட்டால் எந்தச் சீடியும் அதற்குத் தெரியாது. பிக்கப் ஓடுகிற தண்டவாளத்தையும் காட்டினார். பழைய கிரீஸ் மண்ணிறமாகி இறுகிக் கிடந்தது. பற்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிக்கப் முக்கால்வாசித் தூரம் வழுக்கிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிற்கிறது. ஐம்பது நிமிடத் துள்ளலுக்குக் காரணம் அந்த இடம்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அந்த ஈயப் பொட்டு இருக்கும்வரை இந்தப் பெட்டி ஒரு சீடியையும் பாடியிருக்க முடியாது. அப்படியென்றால் ‘பரிசோதித்துச் சரி’ என்று எழுதியவர் எதைப் போட்டுப் பரிசோதித்தார்? பழுதில்லாத லேசரைக் கழற்றிவிட்டுப் புதியதுக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள். பழுதான இடத்தைத் தொடவும் இல்லை. என் பழைய பிக்கப்பையும் திருப்பித் தரவில்லை.

வெளியாள் திறந்தபடியால் உத்தரவாதம் இல்லை என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அந்தப் பொட்டை எடுக்க அந்த அண்ணருக்கு ஒரு நிமிடம் காணும். நான்தான் வேண்டாம் என்றேன். உங்கள் பொறியியலாளர் அதைத் தன் கண்ணால் காண வேண்டும். திருத்த வேலைக்கு 3 மாத உத்தரவாதம் என்று உங்கள் பற்றுச்சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது, அது இன்னும் முடியவில்லை.

ஒரு தவணை முழுவதும் என் வகுப்பு பாழாய்ப் போனது. பிள்ளைகள் பல்லவியை என் வாயால் கேட்டதோடு சரி. பரீட்சையில் அவர்கள் புள்ளி குறைந்தால் அதற்கு யார் பொறுப்பு? அந்த நட்டத்தைக் காசால் கணக்குப் பார்க்க முடியாது, உங்கள் நிறுவனமே சேர்ந்து வந்தாலும் கட்டி முடியாது.

இருந்தாலும் பண்பாகவே கேட்கிறேன். உங்கள் செலவில் ஆள் அனுப்பிப் பெட்டியை என் வீட்டில் வந்து எடுங்கள், இனி அதை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏற மாட்டேன். தண்டவாளத்தைத் துப்புரவாக்கிப் புதுக் கிரீஸ் போட்டு, எழுபது நிமிடச் சீடி ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை என் முன்னால் பாடவிட்டுக் காட்டுங்கள். தேவையில்லாமல் மாற்றிய பிக்கப்புக்கு வாங்கிய காசைத் திருப்பித் தாருங்கள். கவுண்டரில் இருக்கும் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் நான் விடமாட்டேன்.

கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்வேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் சொல்வேன். பற்றுச்சீட்டும் படங்களும் அப்படியே அங்கே போகும். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுபோகாமல் நீங்கள் நேரில் கவனித்து முடிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெட்டியை எடுக்க வருவதென்றால் வகுப்பு இல்லாத நேரமாகக் காலை 9 மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். வருமுன் போன் எடுக்க வேண்டும். இலக்கம் வேலைச்சீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சங்கீத ஆசிரியர், மல்லாவி.

இணைப்பு: வேலைச்சீட்டு, பற்றுச்சீட்டு, போன் அழைப்புப் பதிவின் படம், ஈயப் பொட்டின் படம், தண்டவாளத்தின் படம்.