புத்தகக் கூடத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலையோரம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாம் எழுப்பிய புத்தகக் கடை, நம் புத்தகக் கூடம், திறந்தாயிற்று. திறப்பு விழாவில் நன்றியுரைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். என் முறை வரும்போது மழை பிடித்துக்கொண்டது; மைக் நின்றது; வெளியே நாற்காலியில் இருந்த அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். கட்டடம் தன் வேலையைச் செய்தது, நன்றியுரைதான் நனைந்துபோனது. அன்று சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

பார்க்க வருகிறவர்கள், இயற்கையிலிருந்து உருவம் எடுத்த கட்டடம் என்று பாராட்டுகிறார்கள். வரைபடத்தில் கையெழுத்து என்னுடையது என்பதால் பாராட்டு எனக்கு வந்து சேர்கிறது. ஆனால் இதில் நன்றாக அமைந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் “இது வேண்டாங்க” என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். என் நன்றி முதலில் அவர்களுக்குத்தான்.

நிலம் கொடுத்த ஐயாவிலிருந்து தொடங்குகிறேன். சிறு தேயிலை விவசாயி. பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை என்பதுதான் அவருடைய அன்றாடக் கவலை. அப்படிப்பட்டவர் சாலையோரத் துண்டு நிலத்தை வாடகை பேசாமல் கொடுத்தார். ஒரே நிபந்தனை, மண்ணை வெட்டக் கூடாது. நீலகிரியில் ஜேசிபி இறக்க அனுமதி வேண்டும் என்பது அரசு விதி. அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பது அவருடைய விதி. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் சரிவுகள் இறங்கி நாற்பது பேருக்கும் மேல் இறந்ததைப் பார்த்தவர்கள் மண்ணைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடுகிறது. அவர் என்னை நிலத்தில் நடத்திக் கூட்டிப்போய், பெரணி அடர்ந்து நிற்கும் ஓர் இடத்தைக் காட்டினார். “இங்க கால் ஊனாதீங்க. மழைக்காலத்துல அடியில தண்ணி ஓடும்.” அந்த ஈரக்கோட்டை விட்டுத் தள்ளி, சரிவை இருந்தபடியே விட்டு, கருங்கல் பீடங்களின்மேல் தூண்களை நிறுத்தினோம். கூடத்தின் தரை எங்கும் மண்ணைத் தொடவில்லை. மழைநீர் அடியில் தன் பாட்டுக்குப் போகிறது.

அடுத்து, பக்கத்துத் தோட்டத்தில் இலை பறிக்கும் அக்கா. வரைபடத்தில் வாசல் வடகிழக்கைப் பார்த்து இருந்தது. காரணம் வெளிப்படை, அந்தப் பக்கம்தான் காட்சி. மாயாற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி மலை இறங்கும் திசை. சுற்றுலா வருகிறவர் யாராக இருந்தாலும் கைபேசியை நீட்டும் திசை. சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கூடையோடு வந்து நின்று கேட்டார்: “ஆடி மழைய தொட்டபெட்டா தடுத்துக்கும். ஐப்பசி மழைய யாரு தடுப்பா?” 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தென்மேற்குப் பருவமழைக்குக் குறுக்கே நிற்பதையும், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கிலிருந்து வரும் மழைதான் வெளுத்து வாங்குவதையும் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அக்கா அதை வாசற்படிக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசலைத் தென்மேற்குக்குத் திருப்பினோம். காட்சிக்கு ஒரு நீள ஜன்னல் போதும் என்று வைத்துக்கொண்டோம். அதற்குமேல் நான்கடி இறவாரம் நீள்கிறது. திறப்பு விழா மழையில் ஒரு புத்தகமும் நனையவில்லை. அக்காவுக்கு நன்றி.

நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் மந்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில், எங்களை உட்காரவைத்துப் பேசிய பெரியவருக்கும் நன்றி. நீலகிரி என்றால் தோடர் குடிசைதான் நினைவுக்கு வரும், அதே அரைவட்டக் கூரையைக் கடைக்கும் போட்டால் எல்லோரும் படம் எடுப்பார்கள் என்று எங்கள் குழுவில் சிலருக்கு ஆசை இருந்தது. கேட்டுவிட்டே செய்வோம் என்று போனோம். பெரியவர் கோபப்படவில்லை. “அது நாங்க குனிஞ்சு நுழையிற வீடு. உங்க கடைக்கு வர்றவங்க குனிவாங்களா?” என்றார். குளிரும் விலங்கும் உள்ளே வரக் கூடாது என்று தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசல் வைத்துக் கட்டிய வீடு அது. யார் வேண்டுமானாலும் நுழையட்டும் என்று திறந்துவைப்பது கடை. இரண்டுக்கும் வேலையே வேறு. அவருடைய இன்னொரு கவலையும் மனதில் தங்கிவிட்டது. அந்தக் கூரைக்கு வேண்டிய புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. சதுப்பு நிலங்கள் குறையக் குறைய, அவர்களுக்கே புல் கிடைப்பது பாடாக இருக்கிறது. அதை நாங்கள் போய் ஒரு கடைக்காக அறுப்பதா? மலைப்பகுதி விடுதிகள் பலவற்றில் சிமென்ட்டில் செய்த தோடர் குடிசைகள் வரவேற்பறையாக நிற்கின்றன. எனக்கு அவை என்றுமே பிடித்ததில்லை, இப்போது காரணமும் தெரிந்துவிட்டது.

அப்புறம் எந்த உருவம்? அதற்கு விடை காட்டியவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களின் குடிநீருக்கு அதுதான் தாய்மடி. உரிய அனுமதி வாங்கி எங்களை உள்ளே அழைத்துப்போனார். முதலில் வெளியே மேட்டில் நிற்கவைத்தார். சோலை மரங்கள் நெடுநெடுவென்று வளர்வதில்லை. காற்றுக்கு ஈடுகொடுத்து, தலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கூடி, குடை குடையாகக் கவிந்து நிற்கின்றன. காற்று அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்கு எதிர்ச் சரிவில் வரிசையாக நின்ற கற்பூர மரங்கள் (இங்கே யூகலிப்டஸுக்கு அதுதான் பெயர்) அதே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடுகிறது. வெளிச்சம் கொட்டவில்லை, இலைகளுக்கிடையே துண்டு துண்டாக விழுகிறது. புத்தகத்துக்கும் அந்த அளவு வெளிச்சம்தானே நல்லது, நேர் வெயில் பட்டால் அட்டை வெளுத்துவிடும். அண்ணன் ஒரு மரத்தடியில் நின்று, அடிமரம் எந்த உயரத்தில் கிளை பிரிகிறது என்று கையை உயர்த்திக் காட்டினார். கூடத்தின் தூண்கள் அந்த உயரத்தில்தான் நான்காகப் பிரிகின்றன. ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும் மூன்று தாழ்ந்த கூரைகள். அவை சேரும் இடுக்குகளில் கண்ணாடி. உச்சி பதினைந்தடி. மலைப்பகுதிக் கட்டடங்களுக்கான 7 மீட்டர் உயர வரம்பு எங்கள் தலைக்குமேல் எங்கோ இருந்தது.

வரைவது எளிது. தூண் நான்காகப் பிரியும் இடத்தில் ஐந்து மரத்துண்டுகள் சந்திக்கின்றன. அதைச் செய்து காட்டியவர் ஆசாரி அண்ணன். இந்த மலையில் கிடைக்கும் கற்பூர மரம், சீகை (வாட்டில்), சில்வர் ஓக் எல்லாமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறியவை. வெட்ட வேண்டியவை என்று பலரும் சொல்லும் மரங்களைப் பயன்படுத்துவது நியாயம் என்று தோன்றியது. மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அப்படி முறையாக வெட்டிய மரத்தை மட்டுமே எடுத்தோம். ஆனால் கற்பூர மரத்தைப் பலகையாக அறுக்க ஆசாரி அண்ணன் ஒப்பவில்லை. “காயக் காய முறுக்கிக்கிட்டுப் போயிரும். முழுசாவே நிக்க விடுங்க” என்றார். அதனால் தூண்களும் கைமரங்களும் உருட்டு மரமாகவே நிற்கின்றன. வெட்டுமுகம் சீக்கிரம் காய்ந்து வெடிக்காமலிருக்க, ஒவ்வொரு முனைக்கும் பெயின்ட் அடித்து, நிழலில் அடுக்கி, நடுநடுவே சட்டம் வைத்துக் காற்றாட விட்டார். காய்வதற்குள் எங்களுக்குப் பொறுமை தீர்ந்தது, அவருக்குத் தீரவில்லை. இணைப்பில் பட்டையும் போல்ட்டும் வைத்து, மரம் சுருங்கச் சுருங்க முறுக்கிவிட இடம் விட்டிருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் வந்து ஒருமுறை முறுக்க வேண்டும் என்று ஸ்பேனரையும் கடை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனார். அடுக்குகளுக்குச் சில்வர் ஓக். அதை அவரே இழைத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை.

கூரைக்கு அடியில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் பின்னல் வேலை, மேட்டுப்பாளையம் பாதையின் கீழ்ச்சரிவிலிருந்து வந்த இருளர் குடும்பங்களின் கைவேலை. பின்னியது உண்ணிச்செடியில். லாண்டானா என்று தாவரவியலார் சொல்லும் அதே செடிதான், காட்டை மூடிக்கொண்டு புல்லைக்கூட வளரவிடாத அந்நியச் செடி. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே செடியில் செய்த ஆளை அசத்தும் முழு உருவ யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்காவுக்கும் போயின. எங்கள் கூரை அவ்வளவு தூரம் போகாது, ஆனால் வேலை அதே நுட்பம். குச்சிகளைத் தார் டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். வெந்ததும் தோல் உரிந்து வருகிறது. சூடு ஆறுவதற்குள் வளைத்துவிட வேண்டும், ஆறினால் ஒடியும். கை பொறுக்கும் சூடு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குக் கொப்புளம்தான் மிச்சம். தகரக் கூரையில் மழை விழும்போது பேச்சே கேட்காது என்ற கவலைக்கும் இந்தப் பின்னல்தான் மருந்து. தகரத்துக்கும் பின்னலுக்கும் இடையில் தேங்காய் நார் திணித்திருக்கிறோம். விழா அன்று, மைக் இல்லாமலே உள்ளே பேச முடிந்ததைக் கவனித்திருப்பீர்கள். கூலி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச வந்த எங்களிடம், நாள் கணக்கில்தான் வேலை செய்வோம் என்று அந்தக் குழுவின் மூத்த அம்மா உறுதியாக நின்றார். அவசரப்பட்டுப் பின்னினால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நல்லவேளை நின்றார்.

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இல்லையென்றால், கட்டடம் அழகாகவும் உள்ளே இருக்கும் புத்தகங்கள் பூஞ்சை பிடித்தும் கிடந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சை குடியேறத் தொடங்கும். இங்கே மூடுபனி நாட்களில் அதெல்லாம் சர்வசாதாரணம். அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரம், தட்டுகள் முழுப்பலகையாக இல்லாமல் சட்டம் சட்டமாக, புத்தகங்களை நெருக்கி அடைக்காமல் இரண்டு விரல் தளர்வாக. இத்தனையும் அவர் சொன்னது. மூலையில் ஒரு பெட்டியில் குண்டு பல்பு எரிவதைப் பார்த்துப் பலர் கேட்கிறார்கள். மலையில் துணி அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது பழைய வீட்டு வழக்கம். அதைத்தான் அரிய புத்தகங்களுக்கும் செய்கிறோம். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வைப்பது போல வசம்புப் பொடி முடிச்சுகளும் கட்டிக் கொடுத்தார். இராமபாணப் பூச்சி இதுவரை தலைகாட்டவில்லை.

தேநீர்க் கடை அண்ணனின் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தின்பண்டம் விற்றால் வருமானம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னபோது, விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள்ளேயே கரடி நுழையும் ஊர் இது என்று நினைவூட்டியவர் அவர்தான். உள்ளே தின்பண்டம் இல்லை. குப்பைத் தொட்டியை இரவில் எடுத்துவிடுகிறோம். தேநீர் வேண்டுமென்றால் அவர் கடைக்குத்தான் போக வேண்டும். அதில் அவருக்கும் லாபம் உண்டு, நியாயமான லாபம்தான்.

அனுமதிக் கோப்பை நகர்த்திய அலுவலர்கள், ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் கேட்டீர்கள். அப்போது சலித்துக்கொண்டோம், தூண்களுக்கு அடியில் வடிகால் வந்தது அந்தக் கேள்விகளால்தான். விற்ற பிறகு பணம் தந்தால் போதும் என்று புத்தகம் அனுப்பிய பதிப்பகங்கள், பிளாஸ்டிக் உறை போடாமல் அனுப்பச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அட்டைப் பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிவந்த நடத்துநர்கள், நன்கொடை தந்தவர்கள், விடுமுறையில் வந்து பெயின்ட் அடித்த கல்லூரிப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. கணக்கு விவரம் கடை வாசலில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இப்படி ஒன்று கட்ட வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வரைபடங்களைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. வாசல் இருக்கும் திசையை மட்டும் வரைபடத்தில் குறிக்கவில்லை. அதை உங்கள் ஊரில் இலை பறிப்பவர்களையோ மிளகுக்கொடி ஏறுபவர்களையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
புத்தகக் கூடத்தின் வடிவமைப்பாளர்