குறுக்குப் பெருக்கலுக்கு முன் எண்கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விகிதமுறு எண்களை, அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்களை, ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் கற்பிக்கும்போது, எடுத்த எடுப்பிலேயே குறுக்குப் பெருக்கலை (ஒரு பின்னத்தின் மேல் எண்ணான தொகுதியை மற்றதன் கீழ் எண்ணான பகுதியால் பெருக்கி ஒப்பிடும் முறையை) சொல்லித் தருவது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது. விடை விரைவில் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஓர் எண் ஏன் பெரியது என்ற உணர்வு பிள்ளைகளிடம் வளர்வதில்லை. 4/9 அரைக்குக் குறைவு, 5/8 அரைக்கு மேல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய மாணவர், 4×8=32, 5×9=45 என்று பெருக்கி எழுதிக்கொண்டிருக்கிறார்.

குறை எண்கள் வரும்போது சிக்கல் முற்றுகிறது. 3/5-ஐ விட 2/3 பெரியது என்பதால், -3/5-ஐ விட -2/3 பெரியது என்றே பலர் எழுதுகிறார்கள். இவற்றை -9/15, -10/15 என மாற்றி எண்கோட்டில் குறிக்கச் செய்தால், பூச்சியத்துக்கு இடப்புறம் அதிகம் விலகி நிற்கும் -2/3 தான் சிறியது என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். பகுதியில் குறைக்குறி இருந்தால் குறுக்குப் பெருக்கலே தவறான விடை தரும்: 1/(-2), 1/3 ஆகியவற்றை அப்படியே பெருக்கினால் 3, -2 என வந்து, குறை எண்ணே பெரியது என்றாகிவிடும். குறியை முதலில் தொகுதிக்கு மாற்ற வேண்டும் என்பதைக் கரும்பலகையில் பொறுமையாகக் காட்டியாக வேண்டும்.

எண்கோட்டுப் பயிற்சிக்குத் தனிப் பாடவேளைகள் ஒதுக்கவும், விடையோடு காரணத்தையும் கேட்டு அதற்கு மதிப்பெண் வழங்கவும் பள்ளிக் கல்வித்துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்