டர்போ காருக்குச் சத்தம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சைலன்சர் மாற்றிய வண்டிகளைப் பிடித்து அபராதம் போடுவதும், கழற்றிய சைலன்சர்கள் மேல் ரோடு ரோலர் ஏற்றுவதும் அடிக்கடி செய்தியாக வருகின்றன. பெரும்பாலும் பைக்குகள்தான். ஆனால் கோவையில் இரவு பத்து மணிக்கு மேல் அவிநாசி சாலையில் நின்று பாருங்கள், கார்களும் குறைவில்லை. போலோ, வெர்ட்டஸ், ஸ்லாவியா, ஐ20 என் லைன் என்று எல்லாமே சின்ன டர்போ பெட்ரோல் கார்கள். இவற்றை வைத்திருக்கும் பையன்கள் பலரை எனக்குத் தெரியும். காரை உயிராக வைத்திருப்பவர்கள். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, கைக்காசைக் கொட்டி வெறும் சத்தத்தை வாங்கி வருகிறார்களே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

டர்போ காரில் இன்ஜினை விட்டு வரும் புகை முதலில் டர்பைன் என்ற சின்னக் காற்றாடியைச் சுழற்றுகிறது, அந்தச் சுழற்சி மறுபக்கம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் அது லேசாகச் சுற்றும். அதனால் "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் இழுவை கிடைக்கும்", அதாவது புகை வெளியேறக் கொஞ்சம் தடை வேண்டும் என்று கடைகளில் சொல்வது டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குப் பொருந்தாது. சரி, அப்படியானால் பெரிய குழாய் போட்டால் பவர் ஏறுமா என்றால், அதுவும் இல்லை. வெர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ தருவது 115 குதிரைத்திறன். டர்போ எவ்வளவு காற்றை அமுக்கவேண்டும் (பூஸ்ட்), எவ்வளவு இழுவிசை (டார்க்) தரவேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ முன்பே வரையறுத்து வைத்திருக்கிறது. பின்னால் குழாயைத் திறந்துவிட்டாலும் அந்த அளவைத் தொட்டதும் வேஸ்ட்கேட் என்ற வால்வு திறந்து மிச்சப் புகை டர்பைனைத் தொடாமல் வெளியே போய்விடும். ஈசியூவின் மென்பொருளை மாற்றும் ரீமேப் செய்யாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும், கூடுகிற பவர் பெடலை மிதிக்கும் காலுக்குத் தெரியாது. சத்தம் கூடியதால் வண்டி வேகமாகப் போவது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

டர்போவுக்குப் பின்னால் உண்மையில் அடைப்பாக இருப்பது அதை அடுத்து வரும் டவுன்பைப் குழாயும், அதில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் (சுருக்கமாக 'கேட்'). இதைத் தெரிந்துகொண்டவர்கள்தான் கேட்டையே வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றி வெளியே விடுகிறது. அதை எடுத்துவிட்டால் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து செக் இன்ஜின் விளக்கைப் போடும். அந்த சென்சாரைப் புகையிலிருந்து தள்ளிவைத்து ஏமாற்ற ஸ்பேசர் என்று ஒரு துண்டு, அப்புறம் விளக்கு வராமல் மறைக்க ஒரு ரீமேப் என்று செலவு நீண்டுகொண்டே போகும். சிக்னலில் நம் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். இது மட்டும் என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாத விஷயம். சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும்படி செய்கிற 'பாப்ஸ்' ரீமேப்பும் இந்த வகைதான், எரிபொருளைக் குழாய்க்குள் எரியவிட்டு கேட்டைச் சூடாக்கி நாசம் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் கேட்டைத் தொடாமல் அதற்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றுங்கள். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு இரண்டே கால் அங்குலக் குழாய் தாராளம், மூன்று அங்குலம் போடச் சொல்பவர் உங்கள் காரைப் பற்றி யோசிக்கவில்லை. எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாயா என்று கேளுங்கள், 409 ரகம் விலை குறைவு ஆனால் மழையில் துருப்பிடிக்கும். வளைவுகள் மாண்ட்ரல் வளைவாக, உள்விட்டம் நசுங்காமல் இருக்கவேண்டும், கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். முழக்கத்தை அடக்கும் ரெசனேட்டர் என்ற அறையை எடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 60 முறை வெடிக்கிறது, ரெசனேட்டர் இல்லாத காரில் அந்த முழக்கம் கேபினுக்குள் நிறைந்து, நெடுஞ்சாலையில் சேலம் போவதற்குள் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி வந்துவிடும். பணம் கொடுக்கும் முன், கடை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் கேட்காமல், அதே சைலன்சர் போட்ட வேறொரு காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு டாப் கியரில் ஒரு சுற்று போய் வாருங்கள். பழைய சைலன்சரைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள், விற்கும்போது தேவைப்படும்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு செய்யட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை தனி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்று அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விற்கும் கடைகள் இதில் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. 'ரேஸ் டிராக்குக்கு மட்டும்' என்று பில்லில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டுத் தெருவில் ஓடும் காரில் மாட்டி அனுப்புகிறார்கள். செட்டிபாளையத்தில் கரி ரேஸ் டிராக் இருக்கிறது, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரு டிராக் இருக்கிறது, அங்கே ஓட்டுபவர்கள் ஓட்டட்டும், நான் தடுக்கவில்லை.

காவல்துறை பிடிப்பது பெரும்பாலும் ஓட்டுநரைத்தான். மாட்டிக் கொடுத்த கடையையும் போய்ப் பார்க்கவேண்டும் என்று உங்கள் நாளிதழ் எழுதவேண்டும். வாரந்தோறும் வரும் வாகனப் பக்கத்தில் புது மாடல் விலைப் பட்டியலுக்கு நடுவே இந்த விஷயத்துக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.