அயல் பிள்ளையை அறியாத கல்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்தால் திருகோணமலைப் பெற்றோர் மத்தியில் பேச்செல்லாம் பெறுபேறுகளைப் பற்றியதாகவே இருக்கும். எந்தப் பாடசாலையில் புலமைப்பரிசில் பரீட்சையில் கூடுதலானோர் சித்தியடைகிறார்கள், எங்கே கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் போதியளவு இருக்கிறார்கள் என்பவற்றை விசாரிக்கும் நாம், பிள்ளை அங்கே யார் யாரோடு சேர்ந்து வளரப் போகிறது என்று விசாரிப்பதில்லை. விசாரிக்கும் ஓரிருவரும் "எங்கட ஆட்கள் மட்டும் படிக்கிற இடந்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே கேட்கிறார்கள். பல்லாண்டுகள் ஆரம்பப்பிரிவில் கற்பித்தவள் என்ற முறையில், பல இனத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் சூழல் பிள்ளையின் மன வளர்ச்சிக்குச் செய்யும் நன்மை பற்றியும், அந்நன்மை தானாக விளைவதில்லை என்பது பற்றியும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் வாழும் எமது மாவட்டத்தில் எந்தச் சமூகமும் சனத்தொகையில் பாதியை எட்டவில்லை. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் வைத்தியசாலையிலும் நாம் அன்றாடம் ஒருவரையொருவர் காண்கிறோம். நகரையும் கிண்ணியா ஊரையும் இணைக்கும் பாலம் 2009 இல் திறக்கப்பட்டதிலிருந்து படகுப் பாதைக்காகக் காத்து நிற்கும் தேவையும் இல்லை. ஆனால் காலை ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடித்ததும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தத்தம் சமூகத்துக்குரிய மதில்களுக்குள் போய்விடுகிறார்கள். சிங்களப் பிள்ளைகள் வேறு மொழிமூலத்தில் படிப்பதால் அந்தப் பிரிவுக்கு ஒரு காரணமாவது உண்டு. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையுமோ ஒரே தமிழில், ஒரே பாடநூலைப் படித்து, ஒரே பரீட்சை எழுதுகிறார்கள். இருந்தும் பாடசாலை வேறு, நோன்புக் கால விடுமுறையை ஒட்டித் தவணை நாட்காட்டியும் வேறு. மிஷனரிமாரின் வழிவந்த சில பாடசாலைகளிலேயே இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வருகிறது.

இதை முதலாம் தர வயதோடு சேர்த்து நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று, நான்கு வயதிலேயே பிள்ளைகள் தோற்றத்திலும் உடையிலும் பேச்சிலும் உள்ள வேறுபாடுகளைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தம் கூட்டத்தாரே நல்லவர்கள் என்று எண்ணும் போக்கு ஐந்து முதல் ஏழு வயது வரையில் வலுப்பெறுவதையும், அதன் பின்னர் மற்றவரின் நிலையிலிருந்து யோசிக்கும் ஆற்றல் வளர வளர அது தளரக்கூடும் என்பதையும் உளவியல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் அவதானித்திருக்கிறார்கள். அந்த ஆற்றல் வெறும் புத்திமதியால் வளர்வதன்று. தன்னைப் போல் அல்லாத ஒருவரோடு பழகிப் பழகியே வளர்வது.

என் வகுப்பில் ஒருமுறை, வீட்டில் கொண்டாடும் ஒரு நாளை வரையும்படி சொல்லியிருந்தேன். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருவதையும், தன் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருப்பதையும் ஒரு சிறுமி வரைந்தாள். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாமி ஏன் கோவிலை விட்டு வெளியே வாறார்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. வரைந்தவளுக்கும் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் கேட்டு, கோவிலுக்கு வர முடியாத வயோதிபர்களும் நோயாளிகளும் வாசலில் நின்றே கும்பிடத்தான் என்ற விளக்கத்தோடு மறுநாள் வந்தாள். எல்லாரும் ஒரே சமயத்தவராக இருக்கும் வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. தன் வழக்கத்தை அறியாத ஒருவருக்கு விளக்க நேரும்போதுதான் பிள்ளை அதை வெளியே நின்று பார்க்கிறது, காரணம் தேடுகிறது, சொற்களைத் தெரிந்தெடுக்கிறது. மொழி வளமும் சிந்தனை ஒழுங்கும் தன்னம்பிக்கையும் இப்படியான சின்னச் சின்ன விளக்கங்களில்தான் உருவாகின்றன.

கலந்து படித்தால் பிள்ளை தன் சமயத்தை விட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எமது பாடத்திட்டத்தில் சமயம் ஒரு பாடம். அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் தத்தம் சமயத்தைப் படிக்கப் பிரிந்து போய், அடுத்த பாடவேளைக்கு மீண்டும் ஒன்றாக வந்து அமர்கிறார்கள். வாணி விழாவும் மீலாத் விழாவும் ஒளி விழாவும் ஒரே மண்டபத்தில் நடக்கும் பாடசாலையில் படித்த எந்தப் பிள்ளையும் அதனால் கோவிலையோ பள்ளிவாசலையோ தேவாலயத்தையோ மறந்ததாக நான் அறியவில்லை.

எனினும் ஒரே கூரையின் கீழ் இருத்திவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழை. மேற்பார்வை இல்லாவிட்டால் இடைவேளையில் பிள்ளைகள் சமூகம் சமூகமாகவே கூடி உண்பதைக் கலப்புப் பாடசாலைகளிலும் காணலாம். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இலேயே இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்: பழகுவோர் சம மதிப்புடையோராக இருக்க வேண்டும், பொது இலக்கு ஒன்று வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். 1971 இல் டெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், பாடசாலைகளில் வெள்ளை, கறுப்பின, ஸ்பானிய வழிப் பிள்ளைகள் ஒன்றாக இருத்தப்பட்டபோது மோதல்கள் எழுந்தன. எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் அப்போது ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவரின் பேச்சைக் கேட்டாலன்றி எவராலும் பாடத்தை முழுமையாக அறிய முடியாது. எமது வகுப்புகளிலும் இதைச் செய்வது கடினமன்று. மகாவலி கங்கையைப் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை மலைநாட்டில் அது ஊற்றெடுப்பதையும், ஒருவர் அணைக்கட்டுகளையும், ஒருவர் பாசன நிலங்களையும், இன்னொருவர் அது எமது கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பதையும் தேடி வந்து சொல்லட்டும்.

மேலிடத்தின் ஆதரவு என்று ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனையை நாம் எவ்வளவு இலகுவில் கைவிடுகிறோம் என்பதையும் மனவருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது. 2018 இல் நகரின் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த சர்ச்சை வீதிக்கு வந்தது. அதில் எத்தரப்பு நியாயம் என்பதைப் பேச இக்கடிதத்தை நான் எழுதவில்லை. வாயிலில் பெரியவர்கள் கோஷமிடுவதையும் பதாகை தாங்கி நிற்பதையும் பிள்ளைகள் கண்டார்கள். அயலவரோடு ஏற்படும் பிணக்கை எவ்வாறு பேசித் தீர்ப்பது என்பதைக் காட்டிக் கொடுக்கும் வாய்ப்பு அன்று தவறிப்போனது.

மொழி விடயத்திலும் இதே குறைபாடுதான். தமிழும் ஓர் அரசகரும மொழி என 1987 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. தமிழ்மூலப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களமூலப் பிள்ளைக்குத் தமிழும் என, இரண்டாம் தேசிய மொழி இன்று பாடசாலையில் ஒரு பாடமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த மொழியைப் பேசும் ஒரு பிள்ளையையேனும் காணாமல், கரும்பலகையைப் பார்த்து எழுதிப் புள்ளி பெறும் பிள்ளைக்கு அது வாய்க்கு வருவதில்லை. அரை மணி நேரப் பயணத்தில் சிங்களப் பாடசாலைகள் இருக்கும் ஊரில் இது பெரும் வீணடிப்பு.

பாடசாலைகளை ஒரே நாளில் கலந்துவிட முடியாது என்பதை நான் அறிவேன். வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கவென 1981 இல் பெற்றோரின் முயற்சியால் 28 மாணவர்களுடன் லகன் கல்லூரி தொடங்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தகைய பாடசாலைகளில் படிப்போர் அங்குள்ள மாணவர்களில் பத்திலொரு பங்கை எட்டவில்லை. ஆகவே பாடசாலைகள் தனித்தனியாக இருந்துகொண்டே வகுப்புகளைப் பகிர்ந்து நடத்தும் முறைக்கு 2016 இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். எமக்கும் அவ்வழியே பொருந்தும் என்று கருதுகிறேன்.

மாகாணக் கல்வி அமைச்சு எமது நகரிலேயே அமைந்திருக்கிறது. மூன்று சமூகத்துப் பாடசாலைகளையும் மும்மூன்றாக இணைத்து, ஆரம்பப்பிரிவிலிருந்தே சித்திரம், சுற்றாடல், விளையாட்டு, இரண்டாம் மொழி ஆகியவற்றை மாதந்தோறும் ஒரு நாளாவது ஒன்றாகக் கற்பிக்கும் ஒழுங்கை அடுத்த ஆண்டிலாவது தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கொரு நல்லிணக்க விழா நடத்திப் படமெடுப்பதால் இப்பயன் கிட்டாது. அதே பிள்ளைகள் அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். நோன்புக் காலத்தையும் திருவிழா நாட்களையும் விலக்கித் திகதிகளை முன்கூட்டியே குறிக்கவும், போக்குவரத்துக்குப் பேருந்துகளை ஒழுங்கு செய்யவும் வலயக் கல்விப் பணிப்பாளர்கள் ஒரே மேசையில் கூடினால் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதற்குக் கைகொடுக்கும் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.