நிலக்கரியும் சமாதானமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்றாம் உலகப் போர் மூளுமா என்று தொலைக்காட்சிகளில் தினமும் விவாதம் நடக்கிறது. இரண்டாம் போருக்குப் பிறகு அதைத் தடுக்க என்னென்ன செய்தார்கள் என்று பேசுவோர் குறைவு. பேசினாலும் ஐ.நா. சபையோடு நிறுத்திவிடுகிறோம்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி இழப்பீடாக நிலக்கரியும் தர வேண்டியிருந்தது. தவணை தவறியது என்று சொல்லி 1923-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதிக்குள் புகுந்தன. அந்த அவமானத்தை ஹிட்லர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் இதற்கு நேர்மாறான வழியைச் சொன்னார். பீரங்கி வார்க்கத் தேவையான நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் பிரான்ஸ், ஜெர்மனி இரு நாடுகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பின் கீழ் வைப்போம் என்றார். ஜெர்மனி சரணடைந்து அப்போது ஐந்தே ஆண்டுகள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் கண்ணீர்கூடக் காயாத நேரத்தில் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! (ஷூமானே ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, முதல் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர் ஆனவர்.) 1951-இல் இவ்விரண்டு உட்பட ஆறு நாடுகள் அந்த அமைப்புக்கான ஒப்பந்தத்தில் பாரிஸில் கையெழுத்திட்டன. பிரான்சும் ஜெர்மனியும் அதன்பின் மோதவே இல்லை.

இன்றைய அமைதிப் பேச்சுகள் எல்லைக்கோட்டோடு நின்றுவிடக் கூடாது. எரிவாயுவையும் ஆற்று நீரையும் துறைமுகங்களையும் யார் சேர்ந்து நிர்வகிப்பது என்பதையும் முதல் நாளிலேயே பேச வேண்டும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்