நாடக வாசிப்பு வட்டம், சூரிச்: 2025 செயலாளர் ஆண்டறிக்கை

அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில எடுத்த முடிவின்படி இந்த வருசம் முழுக்க ஒரே ஆளைப் பற்றித்தான் வாசிச்சம், ஜெர்மன் நாடக நடிகை தெரேசே கீசே. அவ 1975 மார்ச் 3 மூனிக்கில செத்து இந்த வருசத்தோட 50 வருசம். ஆனா எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அவவும் எங்களை மாதிரி உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு சூரிச்சுக்கு வந்தவ.

புதுசாச் சேர்ந்த பிள்ளையளுக்கு அவவின்ர பேரே தெரியாது, அதால முதல் கூட்டங்கள் அவவின்ர வாழ்க்கையிலயே போச்சுது. 1898 இல மூனிக்கில ஒரு யூதக் குடும்பத்தில பிறந்து, சின்ன ஊர் மேடையளில நடிச்சு நடிச்சு, 1926 இல மூனிக் கம்மர்ஷ்பீலெ எண்ட நாடக அரங்குக்கு வந்து அங்க முன்னணி நடிகையா நிண்டவ. 1933 ஜனவரி 1 எழுத்தாளர் தோமஸ் மானின்ர பிள்ளையள் எரிகா மான், கிளவுஸ் மான் ஆக்களோட சேர்ந்து ஃபெஃபர்மூலெ எண்டு ஒரு அரசியல் காபரே (பாட்டும் நையாண்டியும் கலந்த மேடை நிகழ்ச்சி) தொடங்கினவ, அந்த மாசம் முடியிறதுக்குள்ள ஹிட்லர் பதவிக்கு வந்திட்டான், மார்ச்சில நாட்டை விட்டே வெளிக்கிட வேண்டியதாப் போச்சுது. அப்ப அவவுக்கு 35 வயசு, பேரும் புகழும் எல்லாம் அங்க. அப்பிடி வந்த ஆள் செப்டெம்பர் 30 இல எங்கட நீடர்டோர்ஃபில இருந்த ஹிர்ஷன் ஹோட்டலில அதே காபரேயைத் திரும்ப மேடையேத்துறா எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. அடுத்த வருசம் நவம்பரில இங்கத்த நாஸி ஆதரவு ஃப்ரொன்ட் ஆக்கள் காட்சிக்குள்ள புகுந்து கலகம் செய்தவை, அப்பவும் விடேல்ல. 1936 இல ஜோன் ஹாம்ப்சன் எண்ட ஆங்கில எழுத்தாளரைக் கலியாணம் கட்டினவ, அது பிரிட்டிஷ் பாஸ்போட்டுக்காகச் செய்த கலியாணம், அந்தாள் ஓரினச்சேர்க்கையாளர், ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் செய்தவை. இதை வாசிக்கேக்க எங்கட பெரியாக்கள் கனபேர் தலையாட்டிக்கொண்டு இருந்தவை, விளங்கப்படுத்தத் தேவையே வரேல்ல.

வருசத்தின்ர பெரிய வேலை ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின்ர "தைரியத் தாய்", போர் நடக்கிற இடமெல்லாம் வண்டிலோட போய் யாவாரம் செய்யிற ஒரு தாயின்ர கதை. முதல்முதலா அது மேடையேறினது 1941 ஏப்ரல் 19, எங்கட சூரிச் ஷவுஷ்பீல்ஹவுஸ் அரங்கில, லிண்ட்பெர்க் நெறியாள்கை, தாயா நடிச்சது கீசே. எழுதின பிரெக்ட் அப்ப ஃபின்லாந்தில அகதியா இருந்தவர், பார்க்கேலாமல் போச்சுது. நாங்கள் மூண்டாம் காட்சியைத்தான் ஆறுதலா வாசிச்சம்: மகன் ஷ்வைட்ஸர்கேஸைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், காசு குடுத்தால் விடுவாங்கள், தாய் தன்ர வண்டிலை விட மனமில்லாமல் விலை பேசிக்கொண்டே இருக்கிறா, அதுக்குள்ள அவனைச் சுட்டிடுவாங்கள். பிறகு உடலைக் கொண்டுவந்து காட்டிக் கேக்கேக்க, தானும் பிடிபடாமல் இருக்க, எனக்கு இவனைத் தெரியாது எண்டு தாய் தலையாட்ட வேணும். தாயின்ர பங்கை வாசிச்ச அக்கா அந்த இடத்தில நிப்பாட்டிட்டா, கொஞ்ச நேரம் கழிச்சுத் தானே திரும்பத் தொடங்கினவ. கீசே நடிச்சதைப் பார்த்த சூரிச் சனமும் அழுதது, அது பிரெக்டுக்குப் பிடிக்கேல்ல, அவர் சொல்ல வந்தது போரில லாபம் பார்க்கப் போய் எல்லாத்தையும் இழக்கிற ஒரு வியாபாரியைப் பற்றி. சனம் அவவில இரக்கப்படாமல் இருக்கட்டும் எண்டு சில இடங்களைப் பிறகு மாத்தி எழுதினவர். இதில எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம் வந்தது. என்ர கருத்து, கீசே பிழையா நடிக்கேல்ல. போருக்குள்ள பிள்ளையைக் குடுத்த தாயைப் பார்த்துச் சனம் அழாமல் இருந்தால்தான் பயப்பட வேணும். அதே பிரெக்டே 1950 இல மூனிக்கில அவவை வைச்சு அந்த நாடகத்தை நெறிப்படுத்தினவர் எண்டதையும் பதிவில வைக்கிறன்.

கீசே நடிச்ச, சுவிஸ் நாடகாசிரியர் டூரென்மாட்டின்ர நாடகங்களுக்கு நேரம் காணேல்ல. 1956 இல "கிழவியின் வருகை" நாடகத்தில கிழவி கிளாரா, 1962 இல "இயற்பியலாளர்கள்" நாடகத்தில வைத்தியர், ரெண்டும் முதல் மேடையேற்றம் சூரிச்சில, ரெண்டாவதை டூரென்மாட் அவவுக்கே சமர்ப்பணம் செய்தவர். ஒலிப்பதிவுக் கூட்டம் நல்லாப் போச்சுது. வயசான காலத்தில அவ தனிய இருந்து பிரெக்ட் கவிதையள் வாசிச்ச இசைத்தட்டைப் போட்டுக் கேட்டம். குரலை உயர்த்திறேல்ல, அழுத்திறேல்ல, பவேரியச் சாயல் உள்ள பேச்சு, சந்தையில நிண்டு கதைக்கிற ஆள் மாதிரி இருக்கும், ஆனா ஒரு சொல்லும் தவறாது. வாசிக்கேக்க கத்திற எங்கட பழக்கத்தை விட அது பெரிய பாடம்.

மார்ச் தொடக்கத்தில ஒரு ஞாயிறு ஃப்ளுன்டர்ன் மயானத்துக்குப் போனம், அவ மூனிக்கில செத்தாலும் அடக்கம் செய்தது இங்கதான். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ் சமாதியும் அங்கதான் இருக்கு. வந்த பிள்ளையளுக்கும் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோருக்கும் நன்றி.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா கட்டாத ஆக்கள் தயவுசெய்து இண்டைக்கே கட்டிவிடுங்கோ, மண்டப வாடகை கூடியிருக்கு. வாற வருசம் "தைரியத் தாய்" மூண்டாம் காட்சியைத் தமிழில மேடையேத்த வேணும் எண்டு நிர்வாகம் முன்மொழியுது. மொழிபெயர்ப்பு உரிமைக்கு எழுதிக் கேக்க வேணும், வண்டில் ஒண்டு செய்ய வேணும், தச்சுவேலை தெரிஞ்ச ஆக்கள் கூட்டம் முடிய என்னோட கதையுங்கோ.

செயலாளர்