மாருக்கு யாரு சொல்றது

கண்ணம்மா,

நேத்து போன்ல "ஒன்னும் இல்லம்மா லேசா வலிக்குது அவ்ளோதான்"னு சொன்ன, ஆனா பின்னாடி குழந்தை அழுததும் ஸ்ஸுன்னு ஒரு சத்தம் விட்ட பாரு, அதுலயே எனக்கு புரிஞ்சு போச்சு. பிள்ளை அழுகை கேட்டா போதும், சுருக்குனு குத்தி பால் இறங்கி நைட்டி நனைஞ்சிடும். பால் குடுக்கறத நிறுத்தணும்னு முடிவு பண்ணது நீ, மாருக்கு யாரு சொல்றது? போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு பாதில வச்சிடுவ, அதான் எழுதறேன்.

நான் உனக்கு நிறுத்தினப்போ ஒரே நாள்ல நிறுத்தினேன். துணிய இறுக்கி கட்டு, தானா வத்திடும்னு சொன்னாங்க, நானும் மூச்சு முட்ட கட்டினேன். ரெண்டாம் நாள் ராத்திரி மார் ரெண்டும் கல்லா போச்சு, தோல் பளபளன்னு இழுத்துக்கிச்சு, கைய தூக்கி தலை சீவ முடியல, நீ ஓடி வந்து மேல விழுந்தப்ப கத்தியே விட்டேன். மூணாம் நாள் குளிர் ஜுரம். கட்டினதுல பால் வத்தல, தேங்கி வீங்கி இன்ஃபெக்‌ஷன் ஆகி ஆன்டிபயாடிக் எடுத்துதான் சரியாச்சு. அதனால யாரு சொன்னாலும் இறுக்கி மட்டும் கட்டாத. நல்லா தாங்கற ப்ரா போடு, கம்பி இல்லாதது, பட்டை தோள்ல பதியக்கூடாது.

நீயும் என்னை மாதிரியே ஒரேடியா நிறுத்திட்டியோன்னு சந்தேகமா இருக்கு. அப்படின்னா மறுபடி ஒன்னு ரெண்டு வேளை குடுத்தா ஒன்னும் தோத்துப் போகல. மூணு நாலு நாளைக்கு ஒரு வேளைன்னு குறைச்சிட்டு வா, பகல்ல குடுக்கறத மொதல்ல விடு, தூங்கறப்ப குடுக்கறத கடைசியா விடு. அந்த நேரத்துக்கு பிள்ளைய தூங்க வைக்க மாப்பிள்ளைகிட்ட சொல்லு, உன் வாசனை பக்கத்துல இருந்தா பிள்ளை விடாது.

பம்ப் வச்சு முழுசா காலி பண்றேன்னு சொன்னியே, அதுதான் தப்பு. முழுசா எடுத்தா, ஓ பிள்ளைக்கு இன்னும் வேணும் போலன்னு உடம்பு திரும்ப அவ்ளோவும் சுரக்கும். கொஞ்சம் தேங்கி நின்னாதான் போதும்னு அதுவே குறைச்சிக்கும். ஆனா ரொம்ப தேங்கவும் விடக்கூடாது. தாங்க முடியாதப்ப மட்டும் கையால கொஞ்சம் பீய்ச்சி விடு, இறுக்கம் தளர்ந்துச்சா, நிறுத்திடு. பீய்ச்சறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் வெதுவெதுப்பா துணி வச்சுக்கலாம், மத்தபடி சூடு வேண்டாம், வீக்கம் ஏறும். குளிக்கறப்ப ஷவர் தண்ணி நேரா மார்ல படாம திரும்பி நில்லு. கட்டி தெரியுதுன்னு போட்டு அழுத்தி தேய்க்காத, உள்ள இன்னும்தான் வீங்கும்.

வலிக்கு ஐஸ் பேக் நல்லது, துணில சுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் வை, நேரா தோல்ல வைக்காத. முட்டைக்கோஸ் இலைய பத்தி கேட்டு சிரிச்ச இல்ல, நானும் மொதல்ல சிரிச்சேன். இலைய கழுவி ஃப்ரிட்ஜ்ல வச்சு, நடு நரம்ப சீவிட்டு ஒரு பாட்டிலால லேசா உருட்டினா வளைஞ்சு குடுக்கும், மார்க்காம்ப மட்டும் மூடாம விட்டுட்டு ப்ராக்குள்ள வச்சா கிண்ணம் மாதிரி அப்படியே உக்காரும். இருபது நிமிஷத்துல வாடி தொங்கிடும், தூக்கி போட்டுடு. அதுல மருந்து இருக்குன்னு உறுதியா நிரூபிக்கல, ஜில்லுனு இருக்கறதுதான் வேலை செய்யுதோ என்னவோ, எனக்கு அந்த இருபது நிமிஷமே போதும். காம்புல வெடிப்பு இருந்தா, தோல் அரிச்சா வேண்டாம். பகலெல்லாம் மேல ஒரு வாடை அடிக்கும், கண்டுக்காத.

ராத்திரி வலிச்சா பாரசிட்டமால் போடலாம், வீக்கத்துக்கு இப்யூப்ரோஃபென் இன்னும் நல்லா கேக்கும், ஆனா சாப்பிட்டுட்டு போடு, அல்சர் கிட்னி ஆஸ்துமா ஏதாவது இருந்தா டாக்டரை கேக்காம தொடாத. தண்ணி குடிக்கறத குறைச்சா பால் குறையும்னு சொல்வாங்க, தாகம்தான் எடுக்கும். பால் வத்த மாத்திரை இருக்காமேன்னு நீயா வாங்கிடாத. ப்ரோமோக்ரிப்டின்னு ஒன்னு முன்னாடி குடுத்துட்டு இருந்தாங்க, பக்கவாதம், ஹார்ட் அட்டாக் வந்த கேஸெல்லாம் பாத்து அமெரிக்காவுல 1990கள்லயே பால் நிறுத்தறதுக்கு அது வேண்டாம்னு எடுத்துட்டாங்க.

ஒரு பக்கம் மட்டும் செவந்து சுட்டாலோ, ஜுரம் 101 தாண்டினாலோ, உடம்பெல்லாம் அடிச்சு போட்ட மாதிரி வலிச்சாலோ, நான் பண்ண மாதிரி நாள் பாத்துட்டு இருக்காத, அன்னைக்கே டாக்டர்கிட்ட போ. அப்ப சட்டுனு நிறுத்தவும் கூடாது, வழக்கமா குடுக்கற வேளைக்கு குடு, இல்ல அந்தளவுக்கு பீய்ச்சி விடு, அந்த பால் பிள்ளைய ஒன்னும் பண்ணாது. கட்டி ஒன்னு அப்படியே நின்னு போச்சுன்னா அதையும் காட்டிடு.

இன்னொன்னு, காரணமே இல்லாம அழுகை வரும். ஹார்மோன் இறங்கற நேரம், நீ தப்பு பண்ணிட்டதா நெனச்சுக்காத, பதினாலு மாசம் குடுத்திருக்க. ஆனா ரெண்டு வாரம் தாண்டியும் மனசு இருண்டே கிடந்தா என்கிட்ட மறைக்காத, டாக்டர்கிட்டயும் சொல்லு.

அப்பறம் ரெண்டு மூணு வாரம் கழிச்சும் சொட்டு சொட்டா கசியும், பயப்படாத. இன்னும் வருதான்னு அமுக்கி அமுக்கி பாக்காத, பாத்தா வந்துட்டேதான் இருக்கும். காலைல எழுந்ததும் எந்த பக்கம் வலி ஜாஸ்தின்னு ஒரு மெசேஜ் போடு.

அம்மா